மச்சானின் ஒரே வினைச்சொல்

லிஃப்ட்காரர் தம் மனைவியின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்தார். அதில் குற்றம் ஒன்றுமில்லை. எங்கே ஒளித்தோம் என்பது அவருக்கே தெரியாமல் போனதுதான் சிக்கல்.

அதை மறதி என்று சொல்வது அநியாயம். மனிதர் பாடத்தை ஒழுங்காகப் படித்தார், அவ்வளவுதான்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருடைய நிறுவனத்தில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாக இருந்தது. மறுநாள் காலை தலைமை அலுவலகத்து மேடம் வந்து ஆளைத் தேர்ந்தெடுக்கப்போகிறார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். அந்த மேடம் வேலை நேரத்தில் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை. ஆங்கிலத்திலும் சொற்களை எண்ணெய் மாதிரி சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார். அந்தச் சிக்கனத்தைக் கண்டே பாதிப் பேர் நடுங்கினார்கள்.

லிஃப்ட்காரருக்கு அந்த வேலை கிடைத்தே தீர வேண்டும். லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஏறி இறங்கி அவருடைய வலது முட்டி, லிஃப்டைவிட அதிகமாகச் சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் அந்தக் குழிக்குள்ள எறங்கினீங்கன்னா, முட்டி ஒரு மாடியில நிக்கும், நீங்க ஒரு மாடியில நிப்பீங்க," என்று மனைவி எச்சரித்திருந்தாள். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். எதையும் அளந்துதான் பேசுவாள்.

ஆகவே லிஃப்ட்காரர் மச்சானிடம் போனார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டயர் கடைக்கு மேல் மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறவர். கீழே காற்றடிக்கிறார்கள், மேலேயும் அதேதான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பொறாமைக்காரர்கள் நாலும் சொல்வார்கள்.

"மாப்ளே, ஒரே நாள்ல உங்களுக்கு இங்கிலீஷ் வேணும். அப்படித்தானே?"

"ஆமா மச்சான்."

"வரும். அதுக்குன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்கேன். லுக். பின்னாடி ஒரு குட்டி வார்த்தைய மாட்டிவிட்டாப் போதும், வண்டி ஓடும். அட் போட்டா பாக்கிறது. ஃபார் போட்டா தேடுறது. ஆஃப்டர் போட்டா கவனிச்சுக்கிறது. இன்டூ போட்டா தோண்டித் துருவுறது. அப் டு போட்டா மதிக்கிறது."

"'டவுன் ஆன்'னு ஒண்ணு கேள்விப்பட்டேனே?"

"அது என் தங்கச்சி உங்களை எளக்காரமாப் பாக்கிற பார்வை. அது பாடத்துல இல்லை."

மச்சானின் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. வாயால் படித்தது வாயோடு போய்விடும், ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். லிஃப்ட்காரருக்கு இது தேனாக இனித்தது. கையால் கழற்றிப் பார்க்காத எதையும் அவர் இதுவரை நம்பியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் 'லுக் அட்' தொடங்கியது. மனைவி மேசையில் கோட்டு ஒன்றைப் பரப்பி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நேர்காணலுக்காக அவருக்கே தைக்கும் கோட்டு. கோட்டு இல்லாமல் ஆங்கிலம் உடம்பில் ஒட்டாது என்பது மச்சானின் உத்தரவு. லிஃப்ட்காரர் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"என்னத்த ஒடச்சீங்க?" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

"ஒண்ணும் இல்லையே. சும்மா பாத்தேன்."

"சும்மா பாக்கிற ஆளா நீங்க? சொல்லுங்க, என்னத்த ஒடச்சீங்க?"

அவள் முகம் கழுவ எழுந்து போனபோது 'லுக் ஃபார்' வந்தது. தேட வேண்டுமானால் ஒரு பொருள் தொலைய வேண்டும். தொலைப்பதற்கும் மச்சானிடம் முறை இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒளிக்க வேண்டும், மூடிய கண்ணோடு வீட்டை ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் தேடலில் உண்மை இருக்குமாம். லிஃப்ட்காரர் மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்தார், கண்ணை மூடினார், கை போன இடத்தில் செருகினார், சுற்றினார். வழியில் ஒரு நாற்காலியும் ஒரு கதவும் அவரைச் சந்தித்தன. கதவைச் சந்தித்த நெற்றியிலிருந்து, கண்ணாடி இருந்த இடம் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போயிற்று.

"என் கண்ணாடி எங்கே?"

"நானும் அதைத்தான் தேடுறேன்."

"காணோம்னு நான் சொல்றதுக்கு முன்னாடியேவா?"

லிஃப்ட்காரர் அதற்குள் சமையலறைக்குள் நுழைந்திருந்தார். தேடலில் உண்மை வந்துவிட்டது. பானைக்குள் தேடினார், தலையணை உறைக்குள் தேடினார், கடைசியில் தையல் மெஷினைப் பார்த்தார். உள்ளே விழுந்திருக்கலாம். அதோடு 'லுக் இன்டூ' பாக்கி இருந்தது.

அவர் அந்த மெஷினைக் கழற்றிய அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு பூவை இதழ் இதழாகப் பிரிப்பதுபோலப் பிரித்து, துடைத்து, வரிசையாக அடுக்கி, திரும்ப மாட்டினார். ஒரே ஒரு திருகாணி மட்டும் மிஞ்சியது. மெஷின் முன்னைவிட வேகமாக ஓடியது. பின்பக்கமாக மட்டும்.

"பரவாயில்லை, கையாலேயே தைச்சுக்கிறேன்," என்றாள் மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஊசி எது, விரல் எது என்று தெரியாது. ஆனாலும் கோட்டு விடியும்போது தயாராக இருக்க வேண்டும். தடவித் தடவியே தைத்தாள். திறந்து கிடந்த உள்துணியை மூடித் தைத்தாள், கையை ஒட்டினாள், காலரை ஏற்றினாள். இரண்டு கண்ணும் தெரிகிற தையல்காரர்கள் பலர் இதைவிட மோசமாகத் தைத்திருக்கிறார்கள். வலது கை மட்டும் கொஞ்சம் முதுகுப் பக்கமாகத் திரும்பியிருந்தது.

அவளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு 'லுக் ஆஃப்டர்' கணக்கில் வந்ததால், லிஃப்ட்காரர் சமையலறைக்குப் போய் ரசமும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் கரியாக ஒன்றைச் செய்தார். புகையைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் ஊற்றியும்விட்டார்.

பாடம் எப்படிப் போகிறது என்று பார்க்க மச்சான் வந்தபோது, நனைந்த வீட்டில் 'லுக் அப் டு' ஒன்றுதான் மிச்சம். மரியாதையாக லிஃப்ட்காரர் விசுக்கென்று எழுந்தார். வலது முட்டி அப்படியே பூட்டிக்கொண்டது. மச்சான் காபி குடித்து முடிக்கும்வரை அவரால் உட்கார முடியவில்லை. இப்படி ஒரு மரியாதையை எந்த வாத்தியாரும் பார்த்திருக்க மாட்டார்.

"அண்ணே, இதெல்லாம் நீ சொல்லிக்குடுத்ததா?" என்றாள் தங்கை.

"ஒரு மொழி வீட்டுக்குள்ள வர்றப்போ நாலு சாமான் நகரத்தான் செய்யும்மா."

"என் கண்ணாடி எந்த மொழிக்கு நகர்ந்துச்சுன்னு சொல்லிட்டுப் போ."

மச்சான் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தார்.

காலையில் லிஃப்ட்காரர் கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நெஞ்சுப் பக்கம் ஏதோ கட்டியாக அழுத்தியது. பயம் இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டார்.

அவருக்கு முன்னால் போன பட்டதாரி முகம் வெளுத்து வெளியே வந்தார். "ஒரே வார்த்தையவே மாத்தி மாத்திக் கேக்கிறாங்கங்க. ஏதோ பெரிய டெஸ்ட். எனக்குப் பிடிபடலை."

உள்ளே மேடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் உட்காரும்போதே மேசைமேல் போன் அடித்தது. மேடம் எடுத்தார். எதிர்முனையில் ஓர் ஆண்குரல், வாய் நிறையப் பஞ்சை அடைத்ததுபோல, "ஃபூ... ஃபா... ஃபஃபு..." என்றது.

"லுக்கிங். லுக்கிங்," என்று மேடம் போனை வைத்தார். பிறகு கேட்டார்: "லிஃப்ட். ஹூ லுக்ஸ் ஆஃப்டர்?"

லிஃப்ட்காரருக்குக் கரிந்த குழம்பின் வாசம் மூக்கில் ஏறியது. "ஐ லுக் ஆஃப்டர்."

"லிஃப்ட் ஸ்டாப். தென்?"

கைவிரல்கள் தாமாகவே திருகாணியைத் திருகின. "ஐ லுக் இன்டூ."

"ஸ்க்ரூ மிஸ்ஸிங்?"

"ஐ லுக் ஃபார்." இதைச் சொல்லும்போதே அவர் பார்வை மேசைக்கு அடியில் தேடப் போனது. மேடம் முகத்தில் ஒரு வாட்டம் வந்து போனது.

"பாஸ்?"

லிஃப்ட்காரர் விசுக்கென்று எழுந்தார். "ஐ லுக் அப் டு." முட்டி பூட்டிக்கொண்டது.

மேடம் கண்களில் வெளிச்சம். ஆட்காட்டி விரலை அவர் மார்புக்கு நேராக நீட்டினார். "லுக் அட் யுவர் கோட்."

லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். எழுந்த வேகத்தில் உள்துணித் தையல் விட்டிருந்தது. அதன் வழியாக ஒரு மூக்குக்கண்ணாடி மெதுவாக நழுவி, மேடத்தின் மேசைமேல் விழுந்தது.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் ஆங்கிலம் பேசவில்லை.

"என் மனைவியோடது," என்றார் லிஃப்ட்காரர். வேலை கைவிட்டுப் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது. முட்டி மடங்கினால் உட்கார்ந்து அழலாம். மடங்கவில்லை.

மேடம் கண்ணாடியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம் கைக்குட்டையால் துடைத்து, அவர் கையில் வைத்தார்.

"சூப்பர்வைசர் வேலை உங்களுக்குத்தான். இனிமே குழிக்குள்ள எறங்காதீங்க," என்றார், பச்சைத் தமிழில். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணை மூடிக்கிட்டு ஒளிக்கச் சொல்றாரு பாருங்க நம்ம வாத்தியாரு, அதுதாங்க தப்பு. எங்க வீட்டுக்காரரோட பல்செட் இன்னும் கிடைக்கலை."