அடைகோழியின் இடது கக்கம்

உலகத்திலேயே முட்டை இல்லாமல் அடைகாத்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் ஹாஸ்டல் அடைகோழிதான். மறுப்பவர் யாராவது இருந்தால் சிதம்பரத்துக்கு வரட்டும். ரயிலடியில் டீ வாங்கிக் கொடுத்து, குடித்து முடிப்பதற்குள் ஒப்புக்கொள்ள வைக்கிறேன்.

அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அது மெஸ் மேனேஜருக்கே மறந்துவிட்டது. ஊர் பெண்ணாடம். எனக்குச் சரித்திர ஆராய்ச்சி, அவனுக்கு ரத்த ஆராய்ச்சி, இருவருக்கும் ஒரே அறை. என்னுடைய ராஜாக்கள் எல்லாம் செத்துப்போனவர்கள், யாருக்கும் தொந்தரவில்லை. அவனுக்கோ உயிருள்ள வெள்ளை அணுக்கள் வேண்டும், அதுவும் அன்றன்றைக்குப் புதிதாக. ஊசியும் கையுமாக அவன் வராந்தாவில் வந்தால் கதவுகள் வரிசையாகத் தாழ்ப்பாள் போடும். லால்பேட்டை நண்பன் வீட்டிலிருந்து பிரியாணி வரும் நாளில் மட்டும் யாராலும் கதவைச் சாத்த முடியாது. அடைகோழி அண்டாவுக்குப் பக்கத்திலேயே ஊசியோடு நிற்பான்.

ஒருமுறை எனக்குக் கைவிரலில் நகச்சுத்தி வந்து வீங்கியது. நான் வலியில் துடிக்கிறேன், அவன் முகத்தில் திருவிழாக் களை.

"மச்சான், வந்துட்டாங்கடா!"

"யாருடா?"

"வெள்ளை அணுங்கதான். கிருமி பூந்த எடத்துலேர்ந்து ஒரு கெமிக்கல் வாசம் கெளம்பும். அது ஜாஸ்தி ஆவுற பக்கமா, ரத்தக் குழாய விட்டு வெளிய வந்து நவுந்து நவுந்து வருவாங்க. இந்தச் சீழு இருக்குதே, முக்காவாசி உனக்காக வந்து செத்தவங்கடா. கேவலமா பாக்காத."

சொல்லிவிட்டு என் விரலுக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

"அப்ப எல்லாம் நல்லதுக்குத்தானா?"

"அதான் இல்ல. தப்பா கூப்ட்டாலும் வந்துடுவாங்க. கிருமியே இல்லாத மூட்டுல போயி கூடி வீங்க வெப்பாங்க. கேன்சர் செல்லுகூட இப்படி வாசம் புடிச்சிதான் ஊரு மாறுது."

அவன் சோதனைக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேல்தட்டில் வெள்ளை அணுக்கள், கீழ்த்தட்டில் அந்த வாசக் கெமிக்கல், நடுவே பொடிப்பொடி ஓட்டைகள் உள்ள ஒரு தாள். அணுக்கள் வாசம் பிடித்து ஓட்டை வழியே இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதுவரை டப்பா உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். அதற்கென்று லேபில் ஒரு சூட்டுப் பெட்டி இருந்தது. கரண்ட்தான் இல்லை. அந்த வருஷங்களில் எங்களுக்குக் கரண்ட் போவது செய்தியே அல்ல, வருவதுதான் செய்தி. உடம்புச் சூடு வேண்டுமென்றால் உடம்பு எதற்கு இருக்கிறது என்று கேட்டான் அவன். டப்பாவுக்கு டேப் சுற்றி இடது கக்கத்தில் செருகிக்கொண்டான். பெயர் அன்றைக்கே வந்துவிட்டது.

கக்கத்தில் டப்பாவோடு மெஸ்ஸுக்குப் போனான், சைக்கிள் விட்டான், கீழவீதியில் வாழைப்பழம் பேரம் பேசினான். ஒரு அணுகூட இறங்கவில்லை. மாதக்கணக்கில் இதே கதை. ஒருநாள் அவன் டப்பாவோடு மாடிப்படியில் ஓடுவதைப் பார்த்த அவனுடைய கைடு மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆட்டுனா எல்லாப் பக்கமும் ஒண்ணா கலந்துடும்பா! எங்க பாத்தாலும் அதே வாசம்னா, அது எந்தப் பக்கம்னு போவும்?"

அந்த மாதத்தோடு உதவித்தொகை முடிகிறது. சோதனை தேறாவிட்டால் பெண்ணாடத்தில் மாமாவின் உரக்கடைதான். மாமா அவனுக்காகப் புது நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். இனி அசையாமல் அடைகாப்பது என்று முடிவெடுத்தான். ஒப்பிட்டுப் பார்க்க, வாசமே போடாத டப்பா ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். அதற்கு என் கக்கத்தைக் கேட்டான்.

"உன் வலது கக்கம் என்னாடா ஆச்சு?"

"ரெண்டு கையும் கட்டிப்புட்டா, மூக்கு அரிச்சா என்னா மச்சான் பண்றது?"

நியாயமாகத்தான் பட்டது. ரத்தமும் என்னுடையது, கக்கமும் என்னுடையது. கரண்ட் போன ஒரு பகலில் லேபில் இருவரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

கதவு திறந்தது. கடலூர் பழைய டவுனிலிருந்து, அடைகோழிக்குப் பங்குச் சாமியார் சொல்லி வந்த சம்பந்தம். பெண்ணின் அப்பா, அத்தை, பின்னால் பெண். மாப்பிள்ளையைச் சொல்லாமல் வந்து பார்ப்பதுதானே வழக்கம்!

"வணக்கம் தம்பி."

நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஆளுக்கொரு கையால் அரை வணக்கம் வைத்தோம்.

"ரெண்டு பேருக்குமா கை வராது?" என்றார் அப்பா.

"வரும் சார். இன்னும் அர மணி நேரத்துல வந்துடும்," என்றான் அடைகோழி.

"கக்கத்துல என்னாப்பா?" என்றார் அத்தை.

"வெள்ளை அணுங்க."

"யாருது?"

"இவனுது."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா, "வாங்க போலாம்," என்று திரும்பிவிட்டார். மூன்று பேரும் படியிறங்கும் சத்தம் கேட்டது.

"எழுந்து போயி பேசுடா!"

"எழுந்தா கலந்துடும்."

"டேய், பொண்ணு போவுதுடா!"

"தெரியுது மச்சான்," என்றான். கழுத்தில் வேர்வை ஓடியது, கை மட்டும் அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. துடைக்கவும் பயம்.

யாரோ திரும்பிப் படியேறி வந்தார்கள். அந்தப் பெண்.

"அப்பா கீழ வண்டிகிட்ட நிக்கிறாரு. இது முடிய எவ்ளோ நேரம் ஆவும்?"

"கொஞ்ச நேரந்தாங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் வேர்வையைப் பார்த்து, பரிதாபப்பட்டு, ஒரு அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தாள்.

"வேணாம்!" என்று இருவரும் அலறினோம். "சூடு போயிடும்!"

அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் அவளும் எங்களோடு காத்திருந்தாள்.

நேரம் முடிந்து, தாள்களுக்குச் சாயம் ஏற்றினான். மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினான். என் டப்பாவின் தாளுக்கு அடியில் ஏதோ ஒன்றிரண்டு வழிதவறி வந்திருந்தன. அவனுடையதில் கூட்டம், ஊதாப் புள்ளிகளாக நெருக்கியடித்துக்கொண்டு. மேடத்துக்குக்கூடச் சொல்லாமல் முதலில் அவளைத்தான் பார்க்கச் சொன்னான்.

"பாருங்க, கூப்ட்டதும் எல்லாரும் வந்துட்டாங்க."

"நான் கூப்டாமலே வந்தேன்," என்றாள் அவள்.

அடைகோழி அப்போதுதான் இரண்டு கையும் சேர்த்து அவளுக்கு முழு வணக்கம் வைத்தான்.

உரக்கடை நாற்காலியில் கடைசிவரை மாமாவேதான் உட்கார்ந்தார். கடலூர் சர்ச்சில் அவர்களுடைய கல்யாணப் பூசை நடுவே கரண்ட் போனது. பீடத்தின் முன்னால் அவன் இடது கை சட்டென்று உடம்போடு ஒட்டியது. மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் நின்ற எனக்கும் ஒட்டியது. மணப்பெண் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது அவன் கரண்டே போகாத ஏதோ ஒரு தேசத்தில் இருக்கிறான். நான் இங்கேதான். கரண்ட் போனால் என் இடது கை இன்றும் தானாகக் கக்கத்தை மூடிக்கொள்கிறது. திரும்ப வரும்வரை எடுக்க மனசு வருவதில்லை.