காயலாங்கடை டீச்சர் கேட்ட ட்யூப்

ஒரு பழைய சைக்கிள் ட்யூபுக்குப் பயந்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல் நின்ற அசடு நான்தான்.

கடலூரில் இருக்கிற காயலாங்கடை எல்லாம் சேர்ந்தாலும் என் மகளின் நாலாங்கிளாஸ் டீச்சருக்கு ஈடாகாது. ஒரு பையனிடம் கிழிந்த தலையணை கேட்டார். மணிச் சத்தத்துக்கு அலறுகிற இன்னொருத்தனிடம், குளிருக்குக் காதில் மாட்டுகிற பஞ்சு மூடி. பிள்ளைகளே காயலாங்கடை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் எடைக்குப் போடுகிறாரோ என்று அவர் ஸ்கூட்டியை நோட்டம் விட்டேன். சாப்பாட்டு டப்பாதான் தொங்கியது. சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது.

அப்புறம் என் முறை. "பழைய சைக்கிள் ட்யூப் ஒண்ணு குடுத்தனுப்புங்க சார்."

என் மகளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. உட்கார்ந்த இடத்தில் தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருப்பாள். சிதம்பரத்தில் முன்பு படித்த பள்ளியில் இதற்காகவே டி.சி. கொடுத்துவிட்டார்கள். இங்கேயும் கொடுத்துவிட்டால் எங்கே போய் நிற்பது? எதற்கு என்று கேட்காமல், முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மச்சானிடம் போனேன். ஒரு ட்யூபை இழுத்துப் பார்த்துவிட்டு, "கால கட்டிப் போடத்தான் இருக்கும் மாமா. நல்லா தாங்கும்" என்றான்.

மறுநாள் ட்யூபைக் கொடுத்தனுப்பிவிட்டு, பின்னாலேயே போய் எட்டிப் பார்த்ததுதான் அந்த ஜன்னல்.

உள்ளே, மகளின் பெஞ்சுக்கு அடியில், பெஞ்சின் இரண்டு கால்களுக்கும் நடுவே ட்யூப் இழுத்துக் கட்டியிருந்தது. அவள் அதை உதைத்துக்கொண்டே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். துளி சத்தமில்லை. தலையணைக்காரன் தரையில் அதன்மேல் குப்புறப் படுத்து எழுதினான். மணி அடித்தது. காதுமூடிக்காரன் நிமிரக்கூட இல்லை. திடுக்கிட்டவன் நான்தான். தலை மாட்டியது அப்போதுதான்.

டீச்சர் அலமாரியிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து வந்து காதில் தடவி விடுவித்தார். அதை யாரிடம் கேட்டு வாங்கினாரோ! ஏன் வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. உள்ளே கூப்பிட்டு, மகள் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

மெதுவாகக் கேட்டேன். "பாப்பாவ இங்கயே வச்சிக்குவீங்களா டீச்சர்? அவளுக்குக் காலு நிக்கவே நிக்காதே."

"அப்பா, அது என் ட்யூபு" என்று மகள் கீழே பார்த்து முறைத்தாள். டீச்சரும் குனிந்து பார்த்தார். என் கால் அது பாட்டுக்கு அந்த ட்யூபை உதைத்துக்கொண்டிருந்தது.

"அவ இருக்கட்டும். நீங்க உங்களுக்கு வேற ட்யூப் கொண்டாங்க."