நங்கூரவீரனுக்கு நீந்தத் தெரியாது

உள்துறைமுக வீதி,
திருக்கோணமலை.
21.05.1974

என் அன்புத் தம்பி வீரசிங்கத்துக்கு,

கோணேசர் கிருபையால் இங்கே அத்தானின் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகமாக இருக்கிறோம். கொழும்பில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்றும், கிழமைக்கு ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வைக்கிறாய் என்றும், கடைச் சாப்பாட்டை நம்பி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளவில்லை என்றும் நம்புகிறேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் அவ்வளவாக நம்பவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. நீ வரைகிற நங்கூரவீரனின் படத்தைத் தீப்பெட்டிக் கொம்பனி ஒன்று தன் பெட்டியில் போட்ட நாளிலிருந்து இலங்கை முழுவதும் அவனைத் தெரிந்துவிட்டதாம். அதனால் உங்கள் பத்திரிகை மனேஜர், "முகத்தை எல்லோருக்கும் தெரியும், இனிக் கதை எதற்கு? கதை வருகிற பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுப்போம்" என்கிறாராம். முகம் தெரிந்தால் போதாது, கதையிலும் சனத்துக்கு விருப்பம் இருக்கிறது என்று நீ வாதாட, அப்படியானால் நிரூபி என்றாராம். "அக்கா, எங்கட ஊரில என்ட ஆளில சனத்துக்கு மெய்யாவே விருப்பமோ எண்டு விசாரிச்சு எழுதுங்கோ" என்று கேட்டிருந்தாய். கதை நின்றால் உன்னைக் கலியாண அழைப்பிதழ்களுக்குக் குத்துவிளக்கு வரைய விடப்போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். பள்ளிக்கூடச் சுவரில் தலைமை ஆசிரியருக்கு வால் வைத்து வரைந்து அடி வாங்கிய பிள்ளை, குத்துவிளக்கு வரைந்தா சீவிக்க வேண்டும்?

அடுத்த நாள் விடியவே பேக்கரி வாசலில் பாண் வரிசையில் என் விசாரணையைத் தொடங்கினேன். கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடான இந்தக் காலத்தில் ஊரிலுள்ள அத்தனை பேரையும் ஓரிடத்தில், அதுவும் ஓட முடியாதபடி, பிடிக்க வேண்டுமென்றால் பாண் வரிசைதான். பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த படத்தை நீட்டி, "இவரைத் தெரியுமோ?" என்று முன்னுக்கும் பின்னுக்கும் கேட்டுக்கொண்டு போனேன். தெரியாதென்று சொன்ன ஒரு ஆளில்லை, தம்பி. "ஓமோம், தெரியாமல் என்ன? தீப்பெட்டிக்காரன்!" என்றார்கள். பெயர் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சலூன்காரர், அவர் யாழ்ப்பாணத்து மல்யுத்தக்காரர் என்றும், தானே ஒருமுறை அவருக்குத் தலைமயிர் வெட்டினதாகவும் சொன்னார். அங்கிருந்து மீன் சந்தைக்குப் போனேன். சல்லிக் கிராமத்திலிருந்து சூடை மீன் கொண்டுவருகிறவர் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அக்கா, இவன் நெஞ்சில நங்கூரத்தைக் கட்டிக்கொண்டு பறக்கிறான். நங்கூரம் எதுக்கு? தாழுறதுக்குத்தானே?"

"அதை விடுங்கோ. ஆளைப் பிடிக்குமோ உங்களுக்கு?"

"நல்ல குச்சி, அக்கா. மாரியிலயும் பத்தும்."

எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம். வீட்டுக்கு ஓடிவந்து, ஊர் முழுக்கத் தம்பியின் ஆளைத் தெரியும் என்று அத்தானிடம் சொன்னேன். அத்தான் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "ரத்தினம், துறைமுகத்துச் சங்கு ஊதுறதையும்தான் எல்லாருக்கும் தெரியும். ஆருக்கு விருப்பம்?" என்றார். அந்த மனிதர் வாய் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படித்தான். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது.

படத்தைக் காட்டினால்தான் தீப்பெட்டி ஞாபகம் வருகிறது, ஆளையே கொண்டுபோய் முன்னால் நிறுத்தினால் சனத்தின் அன்பு தானாகத் தெரியவரும் என்று நினைத்தேன். அத்தானோடு துறைமுக இழுவைப்படகில் வேலை செய்கிற பாக்கியரத்தினத்தை உனக்கு ஞாபகமிருக்கும். அலுமாரிக்குக் கைகால் முளைத்த மாதிரி உடம்பு, ஆனால் யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. நங்கூரவீரனாக வேஷம் கட்ட அவன் சம்மதித்தான். முன் அறை யன்னல் சீலையைக் கழற்றி அவனுக்கு நாவல் நிறக் களிசானும் தோளிலிருந்து தொங்குகிற சால்வையும் தைத்தேன். பிஸ்கட் தகரத்தை வெட்டி நெஞ்சுக்கு நங்கூரம் செய்தோம். டவுனிலே காட்டினால் "என்ன பாக்கியம், சுகமில்லையோ?" என்று கேட்பார்கள் என்பதால், அவனைத் தெரியாத மூதூருக்குக் கொண்டுபோவதென்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை குடாவைக் கடக்கிற லோஞ்சுப் படகில் ஏறினோம். அத்தான் முழங்காலைச் சாட்டிக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிட்டார்.

லோஞ்சில் மரியாதைக்குக் குறைவேயில்லை. "அட, தீப்பெட்டி!" என்று எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். ஒருவர் வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு, "அண்ணை, நெருப்பிருக்கோ?" என்று கேட்க, லோஞ்சே குலுங்கிச் சிரித்தது. கொட்டியாரக் குடா அன்றைக்குத் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. மூதூர் இறங்குதுறை ஜெற்றி கிட்ட வர, பாக்கியம் லோஞ்சின் முன்முனை அணியத்தில் ஏறி, நீ வரைகிற மாதிரியே ஒரு கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றான். கரையில் நின்ற சனம் ஆரவாரம் செய்தது. லோஞ்சு போய் ஜெற்றியில் இடித்தது. எங்கிருந்தோ ஒரு காற்று வந்து என் யன்னல் சீலையைத் தூக்கி அவன் தலையில் போட்டது. நான் பின்பக்கத்தில் இருந்ததால் எனக்குப் பொத்தென்று ஒரு சத்தமும், அதற்குப் பிறகு பெரிய கைதட்டலும்தான் கேட்டன. காரியம் பலித்துவிட்டது என்று நினைத்து நானும் சேர்ந்து தட்டினேன், தம்பி. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எட்டிப் பார்த்தால் பாக்கியம் தண்ணீரில். மற்ற நாளென்றால் இங்கிருந்து சல்லிவரை நீந்திப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு நீந்தி வருகிறவன். ஆனால் சீலை இரண்டு கைகளையும் சுற்றி இறுக்கிவிட்டது. சனமோ அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது. "இப்ப எழும்புவான் பாருங்கோ!" என்கிறார் ஒருவர். "தள்ளி நில்லுங்கோ, ஆள் பறக்க இடம் விடுங்கோ!" என்கிறார் இன்னொருவர். எல்லோரும் ஒழுங்காகப் பின்னுக்குப் போய் இடம் விட்டார்கள். சீலைக்கு வெளியே தெரிந்த விரல்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து அசைந்தன. சனமும் கையசைத்தது. நான் லோஞ்சின் பின்பக்கத்திலிருந்து முன்னுக்கு ஏறி வரப் பார்க்கிறேன், வழியில்லை.

அப்போதுதான் ஜெற்றியில் பாய்க்கட்டோடு லோஞ்சுக்குக் காத்திருந்த ஒரு பெண், முக்காடு நழுவுவதையும் பார்க்காமல் சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அல்லாவே! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அவருக்கு நீந்தத் தெரியா! நங்கூரவீரருக்கு நீந்தத் தெரியா!"

சொல்லிக்கொண்டே, சந்தைக்கு அனுப்பவென்று கொண்டுவந்த பன்பாய்க் கட்டை அப்படியே தூக்கிக் கடலில் எறிந்தாள். அது மிதந்து போய்ப் பாக்கியத்தின் மூக்கில் முட்ட, அவன் பல்லாலும் தாடையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் லோஞ்சுக்காரருக்குக் கயிறு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. அவனை இழுத்து ஜெற்றியில் போட்டபோது அந்தப் பெண் சனத்தைப் பார்த்துப் பேசின பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். "படத்தத் தெரிஞ்சாப் போதுமா? ஒருத்தராச்சும் கதையப் படிச்சீங்களா? படிச்சிருந்தா இப்பிடி மரம்போல நிப்பீங்களா?" படத்தை வெட்டியெடுத்த நானும் கதையை வாசித்ததில்லை, நனைந்த சீலையைப் பிழியத் தொடங்கினேன்.

அவள் பெயர் பரீனா. அவளுடைய அண்ணன் ஸெய்னுதீன் காக்கா ஜெற்றிக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். மூதூருக்கு வருகிற உன் பத்திரிகையில் ஒன்று அந்தக் கடைக்கு வருகிறது. பாக்கியத்துக்கு உடுக்க ஒரு சாரத்தைக் கொடுத்துக் கடையின் மர வாங்கில் இருத்தி, இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினார்கள். நனைந்த பாயெல்லாம் பழுதாய்ப் போச்சே என்று நான் அழாக்குறையாகச் சொல்ல, "நங்கூரவீரருக்குப் போட்டதுதானே, அத உடுங்க" என்று என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் யாரென்று சொன்னேன். இந்தக் கதையை எழுதி வரைகிறவனுக்கு உடன்பிறந்த அக்கா என்றதும் அவள் முகம் வெளிறி, கைப்பிடி தளர்ந்துவிட்டது. கூச்சம், பாவம்.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் பாய் இழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத்தான் பரீனா கிழமைதோறும் உன் கதையை வாசிக்கிறாளாம். காக்கா தொழுதுவிட்டுப் பள்ளியால் வருவதற்கு முன் பத்திரிகை மடிப்புக் கலையாமல் கடைக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். ஆகவே அவள் மட்டும் மூலையில் இருந்து பார்த்துச் சொல்வாள், மற்றவர்களின் கண்ணும் கையும் பாயில், காது மட்டும் அவளிடம். மைமூனா என்ற மாமி யன்னலால் பாக்கியத்தை எட்டிப் பார்த்து, "ஆரது, கூத்துக்காரனா?" என்று கேட்டார். நங்கூரவீரன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் கோபமாகவே சொன்னார்:

"எங்கட நங்கூரவீரர் இப்பிடி இரிக்க மாட்டாரு, மகள்."

தம்பி, அந்தப் பெண்கள் ஒருவரும் அவன் படத்தைக் கண்டதேயில்லை! தீப்பெட்டியைக் காட்டினேன். அதில் இருக்கிறவன் யாரோ சீனடிச் சண்டை காட்டுகிறவன் என்று இத்தனை நாளும் நினைத்தார்களாம். ஆனால் கதையைக் கேள், அக்கு வேறு ஆணி வேறாகச் சொல்கிறார்கள். வெருகல் ஆறு பெருக்கெடுத்தபோது, தனக்கு நீந்தத் தெரியாதென்பதை ஒருவருக்கும் காட்டிக்கொள்ளாமல், கழுத்தளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று ஈச்சிலம்பற்றுச் சனத்தை ஒவ்வொருவராகக் கடத்திவிட்டானே, அந்த இடத்தை மைமூனா மாமி சொல்லும்போது பாய் இழைத்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. "பயம் இல்லாதவன் காப்பாத்தினா அதில என்ன இரிக்கி? இவரு பயந்து பயந்தெல்லவா நின்னாரு" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கொழும்புக்குப் போய் எங்களை மறந்துவிட்டாய் என்று உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! நீ வெருகலை மறக்கவில்லை. அந்தத் துறையில் நீ குளிக்கப் போய்ப் பயந்து நின்றதையும் மறக்கவில்லை. என் தம்பிக்குள் இவ்வளவு மனம் இருக்கிறதா என்று பெருமையாக இருந்தது. பரீனா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பாய்க்குப் பன் புல்லைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

பின்னேர லோஞ்சில் திரும்பினோம். பாக்கியத்துக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. ஸெய்னுதீன் கொடுத்த எருமைத் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் இப்படி ஒரு ஞாயிறு வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். நடந்ததைச் சொன்னபோது அத்தான்கூடச் சிரித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே தம்பி, நீ மனேஜரிடம் போய்த் தைரியமாகச் சொல். முகம் தெரிந்த சனம், அவன் தாழும்போது பறப்பான் என்று இடம் விட்டு நின்றது. அவனில் விருப்பமுள்ள ஒருத்திதான் தன் பாயைத் தூக்கி எறிந்தாள். முகமே தெரியாத ஏழெட்டுப் பேர் அவனுக்காக இன்னும் கலங்குகிறார்கள். தீப்பெட்டி வேண்டுமானால் தீப்பெட்டியாக இருக்கட்டும், நீ எழுதின கதையை நிறுத்தினால் மூதூரில் பாய் இழைக்கிற வேலையே நின்றுவிடும் என்று அக்கா எழுதியிருக்கிறாள் என்று சொல். நீ எழுதினதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற விடாதே.

உன் கைக்கும் கண்ணுக்கும் நோய் அணுகாமல் வெருகல் முருகன் காக்கட்டும். மனேஜருக்கும் நல்ல புத்தியும், அது வரும்வரை நல்ல பொறுமையும் கிடைக்கட்டும். அத்தான் உன்னைச் சுகம் விசாரிக்கச் சொன்னார். யன்னலுக்குச் சீலை இல்லாததால் முன்வீட்டுக்காரரும் எங்களைச் சுகம் விசாரித்தபடியே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் ஆசை அக்கா,
இரத்தினேஸ்வரி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அத்தான் சலூனிலிருந்து உன் பத்திரிகையின் பழைய பிரதிகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து போட்டார். வெருகல் கட்டத்தை இன்னொரு தரம் அனுபவிக்கலாம் என்று முதலாவதிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டேன். வெருகல் எங்கேயடா? ஈச்சிலம்பற்று எங்கே? பக்கத்துக்குப் பக்கம் "டமார்", "படார்" என்று அடிதானே போட்டிருக்கிறாய்? அதைவிட, ஏழாம் இதழில் உன் ஆள் முதலையோடு கட்டிப்பிடித்து நடுக்கடலில் நீந்துகிறான்! அந்தப் பிள்ளை பரீனா மூலையில் இருந்து வாசித்ததெல்லாம் அவளே தன் மனதிலிருந்து கட்டின கதை. நீ மனேஜரிடம் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்காவிட்டால் சொல்லாதே. முதல் வேலையாக உன் ஆளுக்கு நீச்சலை மறக்கப் பண்ணு. பிறகு அந்தப் பிள்ளைக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, கதை எழுத வருவாளோ என்று கேள், படத்தை நீ போடு. வருகிற ஞாயிறு நானும் அத்தானும் மூதூருக்குப் போகிறோம், முழங்காலும் வருகிறது. சனமெல்லாம் கடந்த பிறகு ஆற்று நடுவில் அவன் பிடித்த கயிறு அறுந்த இடத்தில் பரீனா கதையை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவன் கரையேறினானா இல்லையா என்று தெரியாமல் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் கேட்டுப் பயனில்லை, உனக்குத் தெரியாது.