கழுத்துக்கு இதமான வார்

கேமராவோடு வந்த அந்த வாரை இனி ஒரு நாள்கூடக் கழுத்தில் மாட்டுவதில்லை என்று அஸ்கர் முடிவெடுத்தபோது ரீபே நகரில் மழை தூறிக்கொண்டிருந்தது. அரை விரல் அகலம். விறைப்பு. கயிறு மாதிரி பின்கழுத்தை அறுத்தது. வரும் சனிக்கிழமை சதுப்பு நிலத்தில் காட்டு வாத்துகள் இறங்கும். அந்தக் கூட்டம் வானத்தையே தூக்கிக்கொண்டு எழும். அதைப் படம் பிடிக்காமல் விட்டால் அடுத்த இலையுதிர்காலம்தான். அறுபத்தெட்டு வயதில் 'அடுத்த' என்பதை யார் நம்புவது?

ஆனால் வலி என்று வீட்டில் மூச்சுவிட முடியாது. கேமரா வாங்கிய அன்றே போடில் என்ற அவர் மனைவி சொல்லிவிட்டாள்:

"செங்கல்லக் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரியறே. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, மறுநாளே வித்துடுவேன்."

ஒருநாளும் வலிக்காது என்று மார்தட்டினார். ஐந்து வருடமாக அந்த மார்தட்டலைக் கழுத்துதான் சுமக்கிறது.

வியாழக்கிழமை போடிலின் பிறந்தநாள். அங்கேதான் வழி பிறந்தது.

கடையில் ஒன்பது வார்களை மாட்டிப் பார்த்தார். ரப்பர் வைத்தது காலரை இழுத்தது. குறுக்கே போடுவது மூச்சைப் பிடித்தது. கடைசியாக, கம்பளி வைத்துத் தைத்த அகலமான தோல் வார். மாட்டியதும் கண் சொருகியது.

"பரிசா?" என்றாள் கடைக்காரி.

"மனைவிக்கு."

பொட்டலம் கட்டி, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்வதற்கான சீட்டை மேலே ஒட்டினாள். தடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சீட்டில்லாத பரிசை இந்த ஊரில் யார் கொடுக்கிறார்கள்? அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை, ஊர் வழக்கப்படி குட்டிக் கொடிகள் குத்திய கேக்கின் முன்னால் போடில் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"கேமரா வாரா? எனக்கா?"

"நீயும் கேமராவத் தூக்குவியே."

"அஞ்சு வருஷத்துல ஒரு தடவ. மேசை துடைக்க."

"அந்த ஒரு தடவயும் உனக்கு உறுத்தக் கூடாதுல்ல?"

அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "மெத்துமெத்துன்னு இருக்கு" என்று அவர் நெற்றியில் முத்தமிட்டாள். அன்று முழுக்க அஸ்கர் சீட்டியடித்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

"வார மாத்திட்டேன்."

அஸ்கர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன், பிடிக்கலியா?"

"ரொம்பப் பிடிச்சுது. ஆனா மேசை துடைக்க எதுக்கு வாருன்னு கடைக்குப் போனேன். கடைக்காரிதான் பாவப்பட்டா. பெரியவர் அதை மாட்டிக்கிட்டுக் கண்ண மூடி நின்னாராமே, கழுத்து வலியான்னு கேட்டா. 'என் புருஷனுக்கு இரும்புக் கழுத்தும்மா'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

பெட்டியிலிருந்து பெரிய படச்சட்டம் ஒன்று வெளியே வந்தது.

"நாளைக்கு அக்கா வீட்டுல இருபத்துமூணு பேர் கூடறோம். எல்லாரையும் நிக்கவெச்சு நீதான் எடுக்கணும். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

"நாளைக்கு வாத்து..."

"ஏன் அஸ்கர், கழுத்து ஏதாவது வலிக்குதா?"

"சேச்சே, வலியாவது!" என்றார் அஸ்கர், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பி.