போட் வந்தபோது நான் எழுதிக்கொண்டிருந்தேன்

ஆங்கிலம் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவனை ஆபத்து நேரத்தில் நம்பக் கூடாது. தீப்பிடித்தாலும் அதற்குப் பொருத்தமான வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்பான். என் தங்கை ஷீபாவிடம் கேளுங்கள், விலாவாரியாகச் சொல்வாள்.

முடிச்சூர் பக்கத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். ஷீபாவுக்கு மறுநாள் காலையில் சேலையூர் சர்ச்சில் கல்யாணம். அம்மா முன்னதாகவே பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அலங்காரம் செய்யும் பார்லர் அக்கா எங்கள் தெருவிலேயே இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் தங்கினோம். அப்பா இல்லை. மணப்பெண்ணைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியவன் நான். ஒரு வாரமாக ஹாலில் நடந்து பழகியிருந்தேன். (“மெதுவா நட அண்ணா, டிரெய்னப் புடிக்கவா போறோம்?” என்று திட்டு வேறு.)

விடிந்து பார்த்தால் தெருவைக் காணோம். கீழ்வீட்டு ஜன்னல் பாதிவரை தண்ணீர். பார்லர் அக்கா இடுப்பளவு தண்ணீரில் வந்து, அழுதுகொண்டிருந்த ஷீபாவுக்கு மை போட்டுவிட்டுப் போனாள். அது ஒழுக ஒழுக ஷீபா துடைத்துக்கொண்டிருந்தாள்.

மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே கீழ்வீட்டுக்காரரான எங்கள் நகர் நலச்சங்கத் தலைவர் குடையோடு நின்றார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ள உதவிக்கான வாட்ஸப் எண் ஒன்று அவரிடம் இருந்தது.

“போட் அனுப்புங்கன்னு போட்டுரலாமா சார்?” என்றேன்.

“தமிழ்ல போட்டா வெயிட் இருக்காது தம்பி. ஆயிரம் பேர் அனுப்புவான். நல்ல இங்கிலீஷ்ல போட்டாதான் படிச்சவங்க இருக்கற ஏரியான்னு மதிப்பான். நீங்க எதுக்கு இருக்கீங்க?”

இந்தக் கடைசிக் கேள்வியில் விழுந்தேன். படுபாவி நான், குடைக்குள் உட்கார்ந்து போனில் எழுத ஆரம்பித்தேன். ‘வாட்டர் லாக்டு’ என்று தொடங்கினேன். அது பஸ் ஸ்டாண்டில் தேங்கும் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். மூழ்கிவிட்டது என்பதற்கு ‘இனண்டேட்டட்’ போட்டேன், திருப்தி. எனக்கும் உற்சாகம் பிறந்தது. மூக்குவரை தண்ணீர் என்பதற்கு ‘கீப்பிங் அவர் ஹெட்ஸ் அபவ் வாட்டர்’. நம்பிக்கை போனதற்கு ‘அவர் ஹோப்ஸ் ஆர் சிங்க்கிங்’. எங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதற்கு ‘லெஃப்ட் ஹை அண்ட் டிரை’. தலைவர் முகம் சுளித்தார்.

“இவ்ளோ தண்ணியில நின்னுகிட்டு டிரைன்னா எப்படி தம்பி?”

“சார், அது இடியம்.”

“இருக்கட்டும். படிக்கிறவனுக்கு அது தெரியணுமே.”

அதை எடுத்தோம். அந்த இடத்தில் எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே பால்கனியிலிருந்து ஷீபா கூப்பிட்டாள்.

“அண்ணா, போட் வந்திருக்கு. இறங்கி வா.”

தலைவர் என்னைப் பார்த்தார். “மெசேஜ் அனுப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல சார்.”

“அப்ப அது நம்ம போட் இல்ல. வேற யாரோ கேட்டு வந்தது. நம்மளது தனியா வரும்.”

எவ்வளவு நியாயமான பேச்சு! நானும் எட்டிப் பார்த்து, “அது வேற தெருவுக்கு, ஷீபா. நம்மளது இப்ப வந்துரும், ஒரு நிமிஷம்” என்றேன். எம்.ஏ. படித்த வாய்.

கடைசி வரியை முடித்து, அனுப்பிவிட்டு, கம்பீரமாகக் கீழே இறங்கினேன். வீட்டில் யாரும் இல்லை. தெருமுனையில் வெள்ளைப் பட்டுப்புடவையும் தலையில் நெட் முக்காடுமாக ஒரு உருவம் படகில் திரும்புவது தெரிந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது.

அப்புறம் நடந்ததை ஷீபா சொல்லித்தான் தெரியும். படகுக்காரர் கடற்கரைப் பக்கத்து மீனவர். யாரும் கூப்பிடாமலே தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தவர்.

“இன்னாமா, கல்யாணப் பொண்ணு தனியா நிக்கிற? வூட்ல யாரும் இல்லியா?”

“அண்ணன் மாடியில எழுதிட்டிருக்காரு.”

“எழுதட்டும். நீ ஏறு.”

தனியாக விட மனம் வராமல் மெயின் ரோட்டிலிருந்து சர்ச் வரை கூடவே ஒரு லாரியில் வந்திருக்கிறார். அங்கே ஜெனரேட்டர் எப்போது நிற்குமோ என்ற நிலை. போதகரால் எனக்காகக் காத்திருக்க முடியவில்லை. கைப்பிடித்து வருவது யார் என்று கேட்டிருக்கிறார்கள். பெரியப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாராம்.

“இவரே வரட்டும்” என்று ஷீபா படகுக்காரரைக் காட்டிவிட்டாள்.

சாயங்காலம் டிராக்டரில் தொங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பிரியாணி அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. என் மெசேஜுக்கு மறுநாள்தான் பதில் வந்தது: ‘எந்தத் தெரு?’ அத்தனை ஆங்கிலத்தில் அதை எழுத மறந்திருந்தேன்.

ஷீபா வீட்டு ஹாலில் அந்தக் கல்யாணப் போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில், வெறுங்காலோடு, அவள் கையைப் பிடித்து மெதுவாக நடந்து வருகிறார் அவர். கிறிஸ்துமஸுக்குக் கூடை நிறைய மீனோடு வருவார், வீடே எழுந்து நிற்கும். போன வருடம் ஷீபாவின் மகனை மடியில் வைத்துக்கொண்டு போட்டோவில் லைஃப் ஜாக்கெட்காரரைக் காட்டி, இது யார் என்று கேட்டேன்.

“மாமா.”

“அப்ப நான் யாருடா?”

கொஞ்சம் யோசித்தான், பாவம்.

“நீங்க இங்கிலீஷ் சார்.”