நான் கலகலப்பாகப் பேசிய முதல் நாள்

பேச்சு வராதவன் பேசாமலே இருந்துவிட்டால் உலகத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. அவன் ஒருநாள் திருந்திப் பேச ஆரம்பிக்கிறானே, அங்கேதான் ஆபத்து. நான் திருந்திய நாளை என் வீட்டார் இன்றுவரை மறக்கவில்லை. மறக்க விடுவதாகவும் இல்லை.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். எங்கள் வரிசைவீட்டு லயத்துக்குப் புதுமுகம் யாராவது வந்தால், அவர் போகும்வரை தேயிலைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கொண்டக்டரிடம் சொல்லக் கூச்சம். வேறு யாராவது மணியடித்து இறங்கும் இடத்தில் நானும் இறங்கித் திரும்பி நடப்பேன். (சில நாள் எல்ல வரைக்கும் போயிருக்கிறேன். நல்ல ஊர்தான்.)

இப்படிப்பட்ட ஆளுக்கு, எழுபதுகளின் கடைசியில், பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக்கடையில் விற்பனையாளர் வேலை கிடைத்தது. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லிக் கிடைத்த வேலை. எங்கள் லயத்திலிருந்து காற்சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்கு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான் என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ கடையில் யாராவது விலை கேட்டால் துணியில் ஒட்டியிருந்த விலைத்துண்டைக் காட்டுவேன். நிறம் கேட்டால் அலமாரியைக் காட்டுவேன்.

காதர் முதலாளி பொறுமைசாலி. அவருக்கே ஒருநாள் பொறுமை தீர்ந்துவிட்டது.

"தம்பி, துணி தானாப் பேசாது. நீங்கதான் பேசணும். தீபாவளிக்குள்ள வாய் தெறக்கலேன்னா, ஒங்கப்பாட்ட நானே வந்து சொல்லிக்கிறேன்" என்றார்.

அப்பாவின் பெயரைக் கேட்டதும் அடுத்த மேசையில் வேலை பார்த்த ரபீக் நானாவிடம் (நானா என்றால் அண்ணன்) போய் நின்றேன். அவர் துணி விற்கிற மாதிரியே தெரியாது. வந்தவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். பேச்சு முடியும்போது அவர்கள் கையில் ஒரு பார்சல் இருக்கும்.

"வாறவங்கள அந்நியமாப் பாக்காத. ஒன் மாமன் மச்சான்னு நெனச்சுக்க. எந்த ஊருன்னு கேளு, வீட்டுல என்ன விசேஷம்னு கேளு. விசேஷம் தெரிஞ்சா போதும், துணி தன்னால எறங்கி வரும்" என்றார் நானா.

அன்று பகலெல்லாம் கடைவாசலில் சேலை கட்டி நின்ற பொம்மையிடம் பேசிப் பழகினேன். அது எதற்கும் மறுத்துப் பேசாததால் எனக்குத் தைரியம் கூடிவிட்டது.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கோட்டுப் போட்டு, கக்கத்தில் குடை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. (விடியற்காலை பஸ், தூக்கமில்லை என்று கணக்குப் போட்டேன்.) ரபீக் நானா இன்னும் வரவில்லை. முதலாளி உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேடை முழுக்க எனக்குத்தான்.

"வாங்க மாமா, வாங்க. எந்த ஊர்லேருந்து வர்றீங்க?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மடுல்சீமைங்க" என்றார் மெதுவாக. "வெள்ளத் துணி வேணும்."

"எடுத்துட்டாப் போச்சு. வீட்டுல என்ன விசேஷங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உள்ளம் உருகிவிட்டது. பாவம், இவரும் என்னைப்போலக் கூச்சப்படுபவர். ஒரு கூச்சக்காரனின் கஷ்டம் இன்னொரு கூச்சக்காரனுக்குத்தானே தெரியும். இவரை எப்படியாவது பேசவைத்துவிடுவதென்று முடிவு கட்டினேன்.

"யாருக்குங்க மாமா, ஒங்களுக்கா?"

"எங்கம்மாவுக்கு."

"அம்மாவுக்கா? அதுக்கு ஏன் மாமா வெள்ளையே எடுக்கணும்? வயசானவங்கன்னா வெள்ளதான் கட்டணும்னு சட்டமா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே மாம்பழ நிறத்தில் ஒன்று, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று என்று அவர் முன்னால் பிரித்துப் போட்டேன். "ஒரு தடவ கட்டிப் பாக்கட்டும். புடிக்கலேன்னா கொண்டாங்க, மாத்தித் தாறோம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆகா, பேச்சில் ஈர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அம்மாவையும் கையோட கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே மாமா."

"அவங்க நேத்தே போயிட்டாங்க தம்பி."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒருவர் 'போயிட்டார்' என்றால் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். இரு அரசுகளின் ஒப்பந்தப்படி லயத்துக்கு லயம் பாஸ்போர்ட் வந்துகொண்டிருந்த நேரம். வாரத்துக்கொரு குடும்பம் அழுதுகொண்டே ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறியது.

"அடடா, போயிட்டாங்களா. அங்க சொந்தக்காரங்க எல்லாம் இருக்காங்கல்ல? அப்ப ஒண்ணும் பயப்படாதீங்க. போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடச் சொல்லுங்க" என்று தைரியம் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. நல்ல கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். "கப்பல்ல காத்து அடிக்கும்பாங்க மாமா. இத அம்மாவுக்குப் போத்தி..."

அந்த இடத்தில்தான் எனக்கு மூளை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. நேற்றே கப்பலேறியவருக்கு இன்றைக்கு எதற்குத் துணி? அதுவும் வெள்ளையில்?

கை அப்படியே நின்றுவிட்டது. கோட்டு, சிவந்த கண், குனிந்த தலை எல்லாவற்றுக்கும் அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் என்றால் மயில் கழுத்துச் சேலை காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

அவர் சால்வையைத் தடவிப் பார்த்தபடி நின்றார். பிறகு அவர் உதடு ஒரு மாதிரி கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

"எங்கம்மாவுக்கு வார மாசம் கப்பல் போட்டிருந்துச்சு தம்பி. கப்பல்ல குளிருமேன்னு அதுதான் அதுக்குக் கவல" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதயும் சேத்துக் கட்டுங்க. குளிரு அதுக்கு ஆகவே ஆகாது" என்றார்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலாளி வெளியே வந்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பார்சலைக் கட்டி, அதை என் தலையில் வைத்தார்.

"இவரு தனியாப் போறாரு. நீங்களும் போயி அடக்கம் முடியும்வரைக்கும் நின்னுட்டு வாங்க" என்றார்.

பசறை வழியாக மடுல்சீமைக்கு அன்று போன பஸ்ஸில் மாரிமுத்து (அதுதான் அவர் பெயர்) வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அம்மா கொழுந்து எடுத்த வேகம், அம்மா தோட்டத்துத் துரையோடு போட்ட சண்டை, கப்பலுக்கென்று கட்டிவைத்த மூட்டை. "காலையில இந்தப் பஸ்ஸுல வாறப்ப ஒருத்தராவது என்னா ஏதுன்னு கேக்கலப்பா" என்றார் நடுவில். நான் பழையபடி ஊமையாகியிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லும் சேறுமாக ஏறி லயத்துக்குப் போனோம். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மாரிமுத்து சால்வையை அம்மாவின் மேல் போர்த்திவிட்டு, சுற்றியிருந்தவர்களிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடச் சொன்னது உட்பட.

ஒப்பாரி தடுமாறியது. ஒரு கிழவி மூக்கைச் சிந்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பினாள். மூலையில் ஒரு பெண் தாவணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். மாரிமுத்துவின் மூத்த மகள். என்னால் பொறுக்க முடியவில்லை. இருந்த தைரியத்தையெல்லாம் கூட்டி, பக்கத்தில் போய், "அழாதீங்க" என்றேன்.

"அழலீங்க" என்றாள் தாவணிக்குள்ளிருந்து. "தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போங்க. எல்லாரும் பாக்குறாங்க."

மறுநாள் கடைக்குத் திரும்பினேன். வேலை போகவில்லை. ரபீக் நானா மட்டும் வருகிற போகிற வியாபாரிகளுக்கெல்லாம், "செத்தவங்களுக்குச் சால்வ வித்தவரு இவருதான்" என்று என்னை அறிமுகம் செய்துவைத்தார். பதுளையில் எனக்குத் தெரியாதவர்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்துவிட்டது. அவர்களாகவே வந்து விசாரித்தார்கள். பதில் சொல்லிச் சொல்லியே என் கூச்சம் போயிற்று. மாரிமுத்துவும் டவுனுக்கு வரும்போதெல்லாம் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார். ஒருநாள் மகளுக்குச் சேலை எடுக்க வந்தவர், "நீங்களே எடுத்துக் குடுங்க தம்பி, கட்டிக்கப்போறவ அவ, பாத்துக்கிட்டிருக்கப்போறது நீங்க" என்றார். எங்களுக்குக் கல்யாணம் பேசப்பட்டது இவ்வளவுதான்.

இப்போது நான் ரயிலில் ஏறினால் ஹப்புத்தளை வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேருடைய குடும்பக் கதை எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சாவு வீட்டுக்குப் போகிற நாளில் மட்டும் என் மனைவி அந்த வீட்டு வாசல் படலையருகே நின்று, தன் பையிலிருந்து ஒரு இஞ்சி டொபியை எடுத்து என் வாயில் போட்டுவிடுகிறாள்.

"கடிக்காமச் சப்புங்க" என்பாள். "கரையறதுக்குள்ள நம்ம வந்துடலாம்."