டார்ச் பாய் கேட்ட இரண்டாவது கையெழுத்து

திண்டுக்கல் ஜில்லாவிலேயே எதையும் யாரையும் நம்பாத ஒரே மனுஷர் டார்ச் பாய்தான். பெற்ற தாய் ஊற்றிக் கொடுத்த நோன்புக் கஞ்சியையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்திருப்பார். அப்பேர்ப்பட்ட ஆளை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நடுத்தெருவில் நிறுத்தினோம். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை.

நாங்கள் ஆறு பேரும் விமான மெக்கானிக்குகள். திண்டுக்கல்லில் ஏதுய்யா விமானம் என்று கேட்பீர்கள். விமானம் மதுரையில். நாங்கள் குடியிருப்பது இங்கே. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேனில் ஏறினால் சின்னாளப்பட்டி, கொடை ரோடு, வாடிப்பட்டி தாண்டி ஏர்போர்ட். ஒரு ஷிப்டுக்குப் போக ஒண்ணேகால் மணி நேரம், திரும்ப ஒண்ணேகால் மணி நேரம். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? எங்கள் சங்கத்து அரசியல் பூராவும் அந்த வேனுக்குள்தான் நடந்தது.

வேன் கிளம்புகிற வழக்கம் ஒன்று உண்டு. டிரைவர் சாவியைத் திருகியதும் பாய் இறங்கிவிடுவார். சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து நாலு டயரையும் சுற்றி வருவார். அப்புறம் தரையில் கையை ஊன்றிக் குனிந்து அடியில் பார்ப்பார். பட்டப்பகலில்! டீக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். பதினோரு வருஷம் இப்படிப் பார்த்ததில் வேனுக்கு அடியில் அவர் கண்டுபிடித்தது மொத்தம் ஒரே ஒரு பூனைக்குட்டி. அதையும் துண்டில் சுற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில், நாங்கள் லேட்டாகப் போய் மெமோ வாங்கினோம்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் சேவுகம்பட்டிக்காரன். அவனை ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மாப்பிள்ளை மணவறையில் உட்காரப் போகிற நேரம், பாய் மேலே பார்த்து டார்ச் அடித்தார். சீலிங் ஃபேன் கொக்கியில் பூட்டுகிற பின் இல்லையாம். மாப்பிள்ளை உட்காரக் கூடாது என்று கையை நீட்டிக் குறுக்கே நின்றுவிட்டார். நல்ல நேரம் போகிறதே என்று ஐயர் பதறுகிறார், பெண்ணுக்குத் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். மண்டபத்து மேனேஜர் ஏணி கொண்டுவர, பாயே ஏறிப் பின்னை மாட்டி இறங்கின பிறகுதான் தாலி ஏறியது. அதோடு விட்டாரா மனுஷர்? மேனேஜரைக் கூப்பிட்டு, வேலையை நான் செஞ்சேன், நீங்க ஏறிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க என்று சாப்பாட்டு இலை நறுக்கு ஒன்றை நீட்டினார்.

இந்த இரண்டாவது கையெழுத்து அவர் கிறுக்கு இல்லை. எங்கள் தொழிலே அதுதான். பெரிய வேலை எதுவானாலும் ஒருத்தன் செய்து ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவான். இன்னொருத்தன் அதைக் கண்ணால் பார்த்து, கையால் அசைத்து, 'சரிபார்த்தவர்' என்கிற கட்டத்தில் போடுவான். இரண்டும் இருந்தால்தான் பிளேன் நகரும். விழுந்தால் யாரைக் கேட்பது என்பது அந்த அட்டையில் இருக்கும். நாங்கள் அதை ஏர்போர்ட்டு கேட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வருவோம். அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நாள் ஸ்பேனர் ஒன்று காணவில்லை. எங்கள் டூல் பாக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்துக்கே பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் காலியாக இருந்தால் அந்தக் கருவி பிளேனுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம், கிடைக்கிற வரை பிளேன் போகாது. ஜனங்கள் உள்ளே வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிகாரி எங்களைக் கிழிக்கிறார். ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் அது என் பேன்ட் பையிலேயே இருந்தது. பாய் ரிஜிஸ்டரை எடுத்து முதலில் என் பேரை எழுதினார்.  அப்புறம் அதற்குக் கீழே தன் பேரையும் எழுதினார், பெட்டியை எண்ணிப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு என்று. இரண்டு பேருக்கும் ஒரே அளவு தண்டனை. அன்றிலிருந்து ஒரு வாரம் நான் அவரைத் திட்டினேன். என் புத்தி அம்புட்டுத்தான்.

இப்போது தலைவருக்கு வருகிறேன். எங்கள் சங்கத்துக்குத் தலைவர் என்று ஒருத்தர் சென்னையில் இருந்தார். இரண்டு செல்போன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மதுரைக்கு மூன்று வருஷத்தில் ஒரு தடவை வந்திருப்பார், அதுவும் குலசாமி கும்பிட. அந்தச் சமயத்தில் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. மெக்கானிக் வேலையைக் காண்ட்ராக்டரிடம் கொடுக்கப்போகிறார்களாம். நாங்கள் கம்பெனி ஆட்களாக இருப்போமா, காண்ட்ராக்டர் வேண்டாம் என்றால் மறுநாளே வீட்டுக்குப் போகிற ஆட்களாக ஆவோமா என்பதுதான் கேள்வி. எங்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்பது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்த பிடி.

வேனில் தினமும் சண்டை. மெக்கானிக்குகளுக்கு என்று தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள், அதில் சேருவோம் என்றான் சேவுகம்பட்டி. இருக்கிறதை உடைத்தால் கம்பெனிக்குத்தான் கொண்டாட்டம் என்று நான் கத்தினேன். சின்னாளப்பட்டியில் ஆரம்பித்தால் வாடிப்பட்டியில் சட்டையைப் பிடிக்கிற நிலைமை வந்துவிடும். பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவர் வாயைத் திறந்தார். "எந்தச் சங்கமா இருந்தா என்னப்பு? நம்ம ஒரு போல்ட்டு முடுக்குனா கையெழுத்துப் போடுறோம். தலைவர் இம்புட்டு வருஷமா என்ன செஞ்சாருன்னு ஒரு அட்டையில எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நம்ம சரிபார்ப்போம்."

வேனே சிரித்தது. தலைவருக்கு ஜாப் கார்டா என்று டிரைவர்கூடச் சிரித்தார்.

தலைவர் வந்தார். திண்டுக்கல்லிலேயே ஒரு பிரியாணிக் கடை மாடியில் கூட்டம். மத்தியான நேரம், இலை போட்டு, பிரியாணி சுடச்சுட வந்தது. பாய் வழக்கம்போல கறித்துண்டுக்கு டார்ச் அடித்தார், தலைவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கை கழுவினதும் பேச்சு. ரத்தம், வியர்வை, உரிமை எல்லாம் வந்தது. கடைசியில் பையிலிருந்து ஆறு வெள்ளைத் தாளை எடுத்தார். காண்ட்ராக்டை எதிர்த்துக் காலையில் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், டைப் அடிக்க நேரமில்லை, அடியில் கையெழுத்தை மட்டும் போடுங்கள், மேலே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

போட்டோம். கண்ணால் பார்க்காத ஆணிக்குக்கூடக் கையெழுத்துப் போடாத மெக்கானிக்குகள் ஐந்து பேர், ஒன்றுமே எழுதாத தாளுக்குப் பேனாவைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டோம். காலித் தாளில் கையெழுத்துப் போடாதே என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். நான் தேதிகூடப் போடவில்லை. நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாய் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். டார்ச்சை அடித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் எழுதலையே, தலைவரே."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்க. என்ன எழுதப் போறீங்கன்னு மேல எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. கீழ நான் போடுறேன்."

தலைவர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். நேரமாச்சு என்று எழுந்தார். எனக்கு வந்ததே கோபம்! நாங்கள் எல்லாம் முட்டாள், இவர் ஒருத்தர்தான் அறிவாளியா? படிக்கட்டில் வைத்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அவரைக் கருங்காலி என்றேன். கம்பெனிக்கு உளவு பார்க்கிறவர் என்றேன். அவர் குனிந்து என் செருப்பு வார் அறுந்திருப்பதைக் காட்டி, பார்த்து இறங்கு என்றார்.

அந்தத் தாள்கள் திரும்பி வந்தன. நோட்டீஸாக இல்லை. 'நாங்கள் மனமுவந்து காண்ட்ராக்ட் நிறுவனத்துக்கு மாறச் சம்மதிக்கிறோம்' என்று அழகாக டைப் அடித்து, அடியில் என் கையெழுத்து, வால் நீட்டிச் சுழித்ததுகூட மாறாமல். கம்பெனி ஆபீசில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சேவுகம்பட்டி அங்கேயே அழுதுவிட்டான். நாங்கள் ஐந்து பேரும் அடுத்த மாதம் வேறு நிறச் சட்டையில், அதே பிளேனுக்கு, அதே வேலைக்குப் போனோம்.

சம்மதிக்காத ஒரே ஆள் பாய். அவரைக் கம்பெனியால் மாற்ற முடியவில்லை. அதனால் இமயமலை அடிவாரத்தில் பேர் வாயில் நுழையாத ஒரு ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள். அவர் சம்சாரத்துக்கு வாரம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். பாய்தான் கூட்டிக்கொண்டு போவார். அங்கே போனால் அந்த அம்மா கதி என்ன? போகாவிட்டால் வேலை கிடையாது.

ஒரே வழி சங்கத்தின் பொதுக்குழு. சென்னையில் கூட்டம், சட்டை மாறினாலும் சங்கத்தில் இருந்ததால் நாங்களும் போனோம். பாய் எழுந்து மைக்கைப் பிடித்தார். கையில் அவரே கோடு போட்ட ஒரு ஜாப் கார்டு. ஐந்து பேர் கையெழுத்து எப்படிச் சம்மதக் கடிதமாக ஆனது என்று தலைவர் பதில் சொல்ல வேண்டும், என் மாற்றலைச் சங்கம் எதிர்க்க வேண்டும் என்று தீர்மானம் படித்தார்.  மேடையில் இருந்தவர், தீர்மானத்தை யார் வழிமொழிகிறீர்கள் என்று கேட்டார். ஒருத்தர் போதும். ஒரு கை தூக்கினால் போதும், தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பாய் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து பேரையும் இல்லை. என்னைப் பார்த்தார்.

அன்று காலை டிபன் சாப்பிடும்போது தலைவர் என் தோளில் கை போட்டிருந்தார். மதுரைக் கிளைக்குச் செயலாளர் தேவைப்படுகிறது, உன்னைத்தான் நினைத்திருக்கிறேன் என்றிருந்தார். நான் செல்போனை எடுத்து, வராத மெசேஜை ரொம்ப அக்கறையாகப் படித்தேன். வழிமொழிய ஆளில்லை, தீர்மானம் தள்ளுபடி. அடுத்து தலைவர் மறுபடியும் தேர்வு, கை தூக்கச் சொன்னார்கள். அதற்கு என் கை சர்ரென்று மேலே போனது. அந்தச் செயலாளர் பதவி இன்றைக்கு வரை எனக்கு வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்காவது சந்தோஷமாக இருக்கும்.

பாய் வேலையை விட்டார். இப்போது ஊருக்குள்ளேயே பேகம்பூர் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். நாலு வருஷம் அந்தத் தெருப் பக்கம் நான் போகவில்லை. பிரியாணி வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன்.

போன மாதம் காண்ட்ராக்டரின் ஆள் ஒருத்தர் வந்து எங்கள் முன்னால் வெள்ளைத் தாளை வைத்தார். சும்மா ஒரு பார்மாலிட்டி, அடியில் போடுங்கள் என்றார்.  செல்போன் லைட்டைப் போட்டு, தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையெழுத்துப் போடாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே பேகம்பூர் போனேன்.

பாய் வீட்டு வாசலில் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா அப்பு. வெயில்ல நிக்காத," என்றார், நேற்றுத்தான் வேனில் பார்த்த மாதிரி. அவர் சம்சாரம், எங்களுக்கு மதினி, உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தார். இளைத்துப்போயிருந்தார். நான் தாளை நீட்டி நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அவர் எழுந்து போய் ஒரு பழைய பைலைக் கொண்டுவந்தார். அதே ஜாப் கார்டு. 'வேலை: தலைவரைக் கேள்வி கேட்டது' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. செய்தவர் கட்டத்தில் அவர் பேர். சரிபார்த்தவர் கட்டம் காலி.

"இன்னும் முடியாத வேலை அப்பு. அதான் வச்சிருக்கேன்."

பேனாவை வாங்கினேன். போட்டேன். தேதி எழுதும்போது பொதுக்குழு நடந்த நாளைப் போட என் கை போனது. அன்றைக்கே போட்டதாக ஆகிவிடட்டும் என்று ஒரு நப்பாசை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னைக்குத் தேதி போடு அப்பு."

இன்றைக்குத் தேதியைப் போட்டேன். நாலு வருஷம் லேட் என்பது அந்த அட்டையில் எப்போதைக்கும் இருக்கும். அவர் டார்ச்சை அடித்து என் கையெழுத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பைலை மூடினார்.

நான் கிளம்பி வண்டியை உதைத்தபோது பின்னாலேயே வந்தார். முட்டி வலிக்க மெதுவாகக் குனிந்து என் டயருக்கு டார்ச் அடித்தார். பட்டப்பகல் மூன்று மணி, தெருவே பார்த்தது. நான் வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.